எஞ்சின் வூட்டுக்கு வந்துச்சா?

புயல் வருதுன்னு யாராவது சொன்னா எனக்கு மொதல்ல வர்றது பயம் இல்ல, சந்தேகம். சொல்றவங்க மூஞ்சியத்தான் பாப்பேன். இதுல இவனுக்கு இன்னா ஆதாயம்? டி.வி.காரனுக்குப் புயல் வந்தா ஜனம் சேனல மாத்தாம ஒக்காந்து பாக்கும். போன்ல மேப்ப காட்டிக் கத்தறானுங்களே, அவனுங்களுக்கு எத்தினி பேரு பாத்தாங்கன்றதுதான் முக்கியம். ஸ்கூல் பசங்களுக்கு லீவு வுட்டா போதும். காய்கறிக் கடைக்காரன் “நாளைக்கு லோடு வராதும்மா”ன்னு ஒரு வார்த்தைய போட்டு, வாடிப்போன கத்திரிக்காய எல்லாம் நம்ம தலையில கட்டிடுவான். எல்லாரும் பேசி வெச்சிகினு நம்ம காதுல பூ சுத்தறாங்கன்னு எனக்கு எப்பவும் ஒரு நெனப்பு உண்டு.

இது சும்மா வந்த புத்தி இல்ல. பழைய மாமல்லபுரம் ரோட்ல ஒரு ஐ.டி. கம்பெனில, டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல எனக்கு வேல. எந்த வண்டி யார எங்க ஏத்தணும், எங்க எறக்கணும்னு பாக்கறது. ஐப்பசி பொறந்தா எனக்கு ஏழர புடிச்சுக்கும். மேல இருக்கறவங்ககிட்டேர்ந்து மெயில் வரும்: “மழை எச்சரிக்கை, மத்தியானமே எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிடுங்க.” டிரைவருங்க ஒருத்தரும் போன எடுக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணுங்க எல்லாம் என் டேபிள சுத்தி நின்னுகினு, “இன்னும் கேப் வரலயா, இன்னும் கேப் வரலயா”ன்னு என் உயிர எடுக்கும். எல்லாரையும் ஏத்தி அனுப்பிட்டு, நான் கூட்டத்துல நசுங்கிகினு செங்கல்பட்டு பஸ்ல வூட்டுக்கு வந்து படுத்தா, மறுநாள் காலையில பல்ல இளிச்சிகினு வெயில் அடிக்கும். காயப்போட்ட துணி அப்பளம் மாதிரி காஞ்சி கெடக்கும். ஆனா யாரும் ஒண்ணும் சொல்லாத ஒரு ராத்திரில கொளவாய் ஏரி ரொம்பி, எங்க தெரு முழுக்க தண்ணி. செருப்பெல்லாம் மெதந்துகினு போச்சு. அன்னிக்கு எந்த மெயிலும் வரல.

அதனால எனக்குன்னு தனியா ஒரு வானிலை அறிக்கை வெச்சிருந்தேன். அது என் தங்கச்சி வூட்டு எஞ்சின்.

என் தங்கச்சிய கட்டிக்கினவரு நெம்மேலி பக்கம் கடக்கரையில போட் வெச்சிருக்கறவரு. லவ்வு. எங்களுது கூலி வேல செஞ்ச குடும்பம், அடுத்தவன் நெலத்துல நாத்து நட்ட கை. எங்க தலமொறையிலதான் படிச்சு மாசச் சம்பளத்துக்கு வந்தோம். அவங்க ஊர்ல எங்கள கீழ பாத்தாங்க. எங்க அப்பாவோ, “கடலுக்குப் போறவனுக்குப் பொண்ண குடுத்துட்டு நான் தெனம் செத்துப் பொழைக்கணுமா”ன்னு குதிச்சாரு. இவ யாரையும் கேக்கல. போய்ட்டா. அம்மா அப்பவே இல்ல. அப்பா அன்னிலேர்ந்து அவகிட்ட பேசறதில்ல. எங்க பக்கத்துலேர்ந்து அவளுக்குன்னு இருந்தது நான் ஒருத்திதான்.

நானும் அந்த ஆள லேசுல நம்பிடல. எப்ப இவன் கைய விரிக்கப்போறான்னு பாத்துகினே இருந்தேன். சட்டப் பாக்கெட்டெல்லாம் மோந்து பாருடின்னு அவளுக்கு சொல்லிக் குடுத்தது நான்தான். மீன் நாத்தத்த தவிர ஒண்ணும் வரலன்னு சிரிப்பா. அதிகம் பேசாத மனுஷன். என்ன பாத்தா, “வாங்கண்ணி”ன்னு சேர இழுத்துப் போட்டுட்டு வெளிய போயி நின்னுக்குவாரு. போகப் போக எனக்கே சலிச்சுப் போயி அந்த ஆள சந்தேகப்படறத வுட்டுட்டேன்.

அந்த ஊர்ல ஒரு பழக்கம். சின்னக் காத்து மழைக்கெல்லாம் படக டிராக்டர்ல கட்டி மேட்டுக்கு இழுத்து வுட்டுட்டு, எஞ்சின் மேல தார்ப்பாய சுத்திட்டு வந்துடுவாங்க. பெருசா ஒண்ணு வரப்போவுதுன்னு மனசுக்குப் பட்டாதான் எஞ்சின கழட்டுவாங்க. போல்ட்டெல்லாம் கழட்டி, கயிறு கட்டி, நடுவுல கழிய வுட்டு, தோள்ல தூக்கிகினு வூட்டுக்குக் கொண்டாந்துடுவாங்க. போட்டு போனா போவட்டும், எஞ்சின் போனா சோறு போச்சு. என் தங்கச்சி வூட்ல அத ஹால்ல, ஃபிரிட்ஜ் பக்கத்துல, கோணிய விரிச்சு அது மேல வெப்பாங்க. வூடு முழுக்க டீசல் நாத்தம். விருந்தாளிய சுத்திப் போற மாதிரி எல்லாரும் அத சுத்திகினு நடப்பாங்க.

டி.வி.ல கொய்யோன்னு கத்த ஆரம்பிச்சா நான் அவளுக்குப் போன் போடுவேன். நல்லா கீறியா, சாப்ட்டியான்னெல்லாம் கிடையாது.

“ஏய், எஞ்சின் வூட்டுக்கு வந்துச்சா?”

“இல்லக்கா, கடக்கரையிலதான் கீது.”

அவ்ளோதான். துணிய மாடில காயப்போடுவேன். ஆபீஸ்ல வண்டிய எல்லாம் வழக்கம் போல வுடுவேன். “ஹால்ல கீதுக்கா, நாத்தம் தாங்கல”ன்னு சொன்னான்னா, ட்ரம்ல தண்ணி புடிச்சு, மெழுகுவத்தி வாங்கி, டிரைவருங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சிடுவேன். மரமெல்லாம் வேரோட சாஞ்ச அந்த வருஷம், அதுக்கு மொத நாளே எஞ்சின் ஹாலுக்கு வந்துடுச்சு. எங்க மேனேஜர் கூட என்கிட்ட வந்து மெதுவா, “மேடம், உங்க கடக்கர சோர்ஸ் இன்னா சொல்லுது?”ன்னு கேக்கற அளவுக்கு ஆயிடுச்சு. எனக்கும் அதுல கொஞ்சம் கெத்துதான்.

போன வருஷம் ஒரு வாட்டிதான் அது பிசகிச்சு. என் தங்கச்சி வூட்டுக்காரரு மொத ஆளா எஞ்சின கழட்டினாரு. அவரு கழட்டினத பாத்து பக்கத்து வூடு, அத பாத்து அடுத்த வூடுன்னு ஊரே கழட்டிச்சு. புயல் அப்படியே ஆந்திரா பக்கம் திரும்பிப் போயிடுச்சு. கடல் கொளம் மாதிரி கெடந்துச்சு. திருப்பி எஞ்சின தூக்கினு போயி மாட்டற வேல வேற. ஊரு சும்மா இருக்குமா? அன்னிலேர்ந்து அவருக்கு ‘வானிலை மையம்’னு பேரு. டீக்கடைக்குப் போனா, “இன்னா வானிலை மையம், இன்னிக்கு கொட எடுத்துகினு போவலாமா?” போன்ல அவ இத சொன்னப்ப நானும்தான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

இந்த வருஷம் அவ மாசமா இருந்தா. மூணாவது வாட்டி. மொதல் ரெண்டும் தங்கல. ஒண்ணு நாலாம் மாசத்துல போச்சு. இன்னொண்ணு ஏழாம் மாசம், கை கால் எல்லாம் முழுசா இருந்துச்சு, அழல. அந்த அழாத புள்ளைய நான் கையில வாங்கினேன், அவகிட்ட காட்டல. இந்த வாட்டி ஆறு மாசம் தாண்டற வரைக்கும் எனக்கே சொல்லல. சொன்னப்பவும், “யார்கிட்டயும் சொல்லாதக்கா, பயமா கீது”ன்னாதான். வளகாப்பு வேணாம்னுட்டா. ஒரு சின்ன சொக்கா கூட வாங்கி வெக்க வுடல. நானும் அவளும் தெனம் போன்ல வயித்துக்குள்ள உதைக்குதான்னு மட்டும் பேசுவோம்.

நெற மாசம். கார்த்திக. வங்கக்கடல்ல ஒண்ணு சுத்திகினு இருக்குன்னு டி.வி.ல ஆரம்பிச்சுட்டாங்க. நான் போன் போடறதுக்குள்ள அவளே போட்டா.

“அக்கா, நர்ஸம்மா வந்துச்சு. நாளைக்கு வண்டி வருதாம். புயல் கரைய கடக்கற வரைக்கும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரில வந்து படுக்கணுமாம்.”

“வலி எடுத்துச்சா?”

“இல்லக்கா.”

“அப்புறம் இன்னாத்துக்கு?”

ரோடு தண்ணில மூழ்கிடுச்சுன்னா, மரம் சாஞ்சிடுச்சுன்னா, அந்நேரம் வலி எடுத்தா எப்படி வருவீங்க, அதனால நெற மாசத்துல இருக்கறவங்கள எல்லாம் முன்னாடியே கூட்டினு போயிடறாங்களாம். கேக்க நல்லாதான் இருந்துச்சு. நல்லா இருக்கற எதுவும் எனக்கு ஒத்துக்காது. எங்க ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒண்ணு ஒரு வாட்டி சொல்லியிருந்துச்சு: யாரோ ஒருத்திய எங்கியோ ஒரு ஆஸ்பத்திரில, சும்மா பாத்துட்டு அனுப்பறோம்னு சேத்துட்டு, வந்தது வந்துட்டியேன்னு வயித்த கிழிச்சிட்டாங்களாம். அது யாரு, எந்த ஊருன்னு அந்த அக்காவுக்கே தெரியாது. ஆனா என் மனசுல அது பசை போட்டு ஒட்டின மாதிரி ஒட்டிகினு இருந்துச்சு.

“எஞ்சின் வூட்டுக்கு வந்துச்சாடி?”

“வரலக்கா.”

“அப்ப நீ எங்கியும் போவாத. நான் காலையில வரேன்.”

ஆபீஸ்ல ஒரே கூச்சல். மழை எச்சரிக்க அன்னிக்குப் பாத்து டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல இருக்கறவ லீவு போட்டா சும்மா வுடுவாங்களா? போன் போட்டு மேனேஜர் கத்தினாரு. நானும் கத்தினேன். செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம், அங்கேர்ந்து ஈ.சி.ஆர். பஸ் புடிச்சேன். தூத்தல்தான். காத்து வடக்கேர்ந்து சில்லுனு அடிச்சிகினு இருந்துச்சு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கண்டக்டர்கிட்ட, “புயலுன்றாங்களே, இன்னாங்க இது?”ன்னேன். “எனக்கு டூட்டி போட்டாங்க, வந்தேன். புயல நீயே கேட்டுக்கோ”ன்னு சீட்ட கிழிச்சுக் குடுத்தாரு.

எறங்கினதும் நான் வூட்டுக்குப் போவல, நேரா கடக்கரைக்குப் போனேன். கடல் செம்மண் தண்ணி கலக்கின மாதிரி இருந்துச்சு. அல மணல கடிச்சு கடிச்சு எடுத்துகினு இருந்துச்சு, கரையே கொஞ்சம்தான் மிச்சம். போட்டுங்க எல்லாம் மேட்டுல வரிசையா நின்னுச்சு. ஒவ்வொண்ணோட பின்னாடியும் நீல தார்ப்பாய் சுத்தின எஞ்சின். ஒண்ணு கூட கழட்டல. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. பாத்தியா, எல்லாம் உடான்ஸுன்னு சொல்லிகினே தங்கச்சி வூட்டுக்குப் போனேன்.

நர்ஸம்மா எனக்கு முன்னாடியே வந்து சேர்ல ஒக்காந்திருந்தாங்க. சின்ன வயசு. திருநெல்வேலி பக்கத்துக்காரங்க, வீட்டுக்காரரு கல்பாக்கத்துல வேல பாக்கறாராம். ரெயின்கோட்டுலேர்ந்து தண்ணி தரையில சொட்டிகினு இருந்துச்சு. தங்கச்சி கட்டில்ல, வயித்து மேல கைய வெச்சிகினு ஒக்காந்திருந்தா.

நான் செருப்ப கூட கழட்டல. “இன்னாம்மா, எத்தினி பேர கூட்டினு வரணும்னு ஒனக்கு மேல சொல்லிகீறாங்க? நெஜத்த சொல்லு.”

“ஏக்கா, வந்ததும் வராததுமா இப்படிச் சொல்லுதிய?”

“வலியே இல்லாதவள எதுக்கு ஆஸ்பத்திரில படுக்க வெக்கணும்? வந்தவள சும்மா அனுப்புவீங்களா? கத்திய எடுத்துட மாட்டீங்க?”

அந்தம்மாவுக்கு மொகம் செவந்துடுச்சு. “இவள நான் கூட்டிட்டுப் போவலன்னா என்னைய கேள்வி கேப்பாங்க, அது உண்மதான். அதுக்காவ மட்டுமா நான் மழையில நனைஞ்சிட்டு வீடு வீடா ஏறி எறங்குதேன்? ரெண்டு பிள்ளைய பறிகுடுத்த பிள்ளக்கா இது. ராத்திரி மரம் சாஞ்சு கெடக்கும்போது வலி எடுத்தா நீங்க தூக்கிட்டு ஓடுவியளா?”

“புயல் வந்தாதானே மரம் சாயும்? கடக்கரையில போயி பாரு. ஒரு எஞ்சினாவது வூட்டுக்கு வந்திருக்கா?”

நர்ஸம்மா தலையில கைய வெச்சுகினாங்க. “காலையிலேர்ந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான்க்கா. எஞ்சின் வரல, எஞ்சின் வரல. ஒரு பிள்ளையும் கெளம்ப மாட்டேங்கு. நான் எஞ்சின்கிட்டயா போயி கேக்கட்டும்?”

தங்கச்சி வூட்டுக்காரரு வாசப்படில நின்னுகினு இருந்தாரு. நான் அவருகிட்ட திரும்பினேன். “தம்பி, நீ சொல்லு இந்தம்மாக்கு. புயல் வராதுதானே? அதனாலதானே எஞ்சின கழட்டல?”

அவரு என்ன பாக்கல. தரையையே பாத்துகினு இருந்தாரு. எனக்கு அங்கியே பொறி தட்டிச்சு. இத்தினி வருஷம் கழிச்சு அந்த ஆள் மேல மறுபடியும் சந்தேகம் வந்துச்சு.

“இன்னா தம்பி, வாய தொற.”

“யாரும் கழட்டல அண்ணி.”

“யாரும் கழட்டல சரி. நீ இன்னா நெனைக்கற?”

“காத்து சரியில்ல அண்ணி. நேத்தே கழட்டியிருக்கணும்.”

“அப்புறம் ஏன் கழட்டல?”

தெருப் பக்கம் ஒரு வாட்டி எட்டிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, “போன வாட்டி நான்தான் மொதல்ல கழட்டினேன். ஒரு வருஷமா வாங்கிக் கட்டிக்கினது போதும். யார்னா கழட்டட்டும், அப்புறம் நான் கழட்டிக்கறேன்னு…”

“யார்னா கழட்டினாங்களா?”

“அவங்க எல்லாம் என்ன பாத்துகினு கீறாங்க. வானிலை மையம் கழட்டலயே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு.”

எனக்கு தல சுத்திடுச்சு. ஊரு இவர பாத்துகினு நிக்குது, இவரு ஊர பாத்துகினு நிக்கறாரு, பொம்பளைங்க எல்லாம் எஞ்சின பாத்துகினு வூட்ல ஒக்காந்திருக்காங்க. நான் அங்க செங்கல்பட்டுல ஒக்காந்துகினு இத நம்பி ஒரு கம்பெனிக்கே வண்டி வுட்டுகினு இருந்திருக்கேன். டி.வி.ய நம்பல, மெயில நம்பல, மழையில நனைஞ்சிகினு வந்த நர்ஸம்மாவையே நம்பல. கடைசில நான் நம்பினது இன்னான்னு பாத்தா, டீக்கடையில நாலு பேரு சிரிப்பாங்களேன்னு வெக்கப்பட்டுகினு நிக்கற ஒரு ஆம்பளைய. வந்துச்சே ஒரு கோவம்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். “பொண்டாட்டி வயித்துல புள்ளைய வெச்சிகினு ஒக்காந்திருக்கா, ஒனக்கு டீக்கடை முக்கியமா போச்சா?”

அவருக்கும் ரோஷம் வந்துடுச்சு. “இவ வண்டில ஏறட்டும் அண்ணி, நான் இப்பவே போயி கழட்டறேன்.”

“நீ மொதல்ல கழட்டு, நான் ஏறறேன்”னா இவ கட்டில்லேர்ந்து.

“ஏறுன்றேன்ல?”

“கழட்டுன்றேன்ல?”

நர்ஸம்மா எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. வெளிய வண்டி ஹார்ன் அடிச்சுச்சு.

திடீர்னு என் தங்கச்சி எழுந்தா. கட்டிலுக்கு அடியில கால வுட்டு ஸ்பேனர் பைய வெளிய தள்ளினா. குனிய முடியல அவளால. என்ன பாத்து, “எட்குடுக்கா”ன்னா. இன்னாத்துக்குன்னு கேக்கத் தோணல, எடுத்துக் குடுத்துட்டேன். பைய புடிச்சிகினு, வயித்த தள்ளிகினு, நேரா கடக்கரைய பாத்து நடந்தா. நான் கொடைய எடுத்துகினு பின்னாடி ஓடறேன், எனக்குப் பின்னாடி நர்ஸம்மா ரெயின்கோட்ட புடிச்சிகினு ஓடறாங்க.

அந்த ஊர்ல பொம்பளைங்க மீன் விப்பாங்க, வலைய பிரிப்பாங்க, எல்லாம் செய்வாங்க. எஞ்சின தொட மாட்டாங்க. அதுவும் இவ வெளியூர்லேர்ந்து வந்தவ, எங்க ஜாதியிலேர்ந்து வந்தவ. டீக்கடை பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. இவ அவங்க போட்டுகிட்ட போயி, தார்ப்பாய உருவி எறிஞ்சுட்டு, ஸ்பேனர போல்ட்டுல மாட்டி இழுத்தா. அது அசையல. உப்புல எறுகிக் கெடக்கு. பல்ல கடிச்சுகினு இழுக்கறா.

“ஏம்மா, எஞ்சின் மேல கைய வெக்காத!”ன்னு ஒரு பெரியவரு கத்தினாரு.

“அப்ப நீ வந்து கழட்டு மாமா!”ன்னு இவ திருப்பிக் கத்தினா. “எல்லாரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துகினு நில்லுங்க. நான் போவணும். எனக்கு இந்தப் புள்ள வேணும்.”

அதுக்குள்ள அவ வூட்டுக்காரரு ஓடியாந்து ஸ்பேனர அவ கையிலேர்ந்து புடுங்கி, போல்ட்ட கழட்ட ஆரம்பிச்சாரு. சிரிக்கப்போறாங்கன்னு நான் டீக்கடை பக்கம் மொறைச்சுகினே நின்னேன். ஒருத்தரும் சிரிக்கல. அந்தப் பெரியவரே மொதல்ல வந்து கழிய ஒரு பக்கம் தோள்ல வாங்கினாரு. எஞ்சின் ஆடிகினே தெருவுல போச்சு. கொஞ்ச நேரத்துல அடுத்த போட்டுலேர்ந்து ஸ்பேனர் சத்தம், அப்புறம் அதுக்கடுத்த போட்டுலேர்ந்து. வாசல்ல நின்னுகினு பாத்த பொண்ணுங்க உள்ள போயி துணிப் பைய எடுத்தாங்க. இன்னும் ரெண்டு புள்ளத்தாச்சிங்க எங்க கூடவே வந்து வண்டில ஏறுச்சுங்க. நர்ஸம்மா முன் சீட்டுல ஒக்காந்து கண்ண தொடச்சிகினாங்க. அது மழத்தண்ணியான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியல.

ஆஸ்பத்திரில ஒரு வார்டு முழுக்க கடலோரத்து வயிறுங்கதான். கோவளத்துலேர்ந்து வந்தது, சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து வந்தது, எல்லாம் வரிசையா. பரிசோதிச்சாங்க, நல்லா இருக்குன்னாங்க. ராத்திரி கொஞ்ச நேரம் ஜன்னல் படபடன்னு அடிச்சுகினு மழ பேஞ்சுது.

காலையில கண்ண தொறந்தா வெயில். ஒரு மேகம் இல்ல. வராண்டாவுல யாரோ போன்ல நியூஸ் போட்டாங்க: வலுவிழந்துடுச்சாம், தாழ்வு மண்டலமா மாறி வேற எங்கியோ கரைய கடந்துடுச்சாம். எனக்கு எரிஞ்சுது பாரு! “பாத்தியாடி, பாத்தியா? ஊரையே கெளப்பி, ஒன்ன வேற மணல்ல ஓட வுட்டு…” தங்கச்சி சிரிச்சா. எஞ்சின பாத்துக்கறேன்னு ஊர்லயே தங்கிட்ட அவ வூட்டுக்காரரு போன் பண்ணாரு. பின்னாடி ஒரே சத்தம். “வானிலை மையம் பொண்டாட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சுன்னு சொல்லி சிரிக்கறாங்க அண்ணி.” அவரே சிரிச்சிகினுதான் சொன்னாரு. “சிரிக்கட்டும், சாயங்காலம் கூட்டினு வந்துடறேன்”னு சொல்லிட்டு நான் துணியெல்லாம் பைல மடிச்சு வெச்சேன்.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி மெஷின்ல பாத்துடலாம்னாங்க. வயித்து மேல பெல்ட் மாதிரி ஒண்ண கட்டினாங்க. கொழந்தையோட துடிப்பு சத்தமா கேட்டுச்சு, டக்டக்டக்னு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சோம். அப்புறம் அது மெதுவாச்சு. டக். டக். மறுபடியும் ஏறிச்சு. மறுபடியும் எறங்கிச்சு. பக்கத்துல நின்ன நர்ஸ் பேச்ச நிறுத்திட்டு, இவள ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு ஓடுச்சு. டாக்டரம்மா வந்தாங்க. சின்னப் பொண்ணு, கண்ணெல்லாம் தூக்கம் இல்லாம வீங்கி இருந்துச்சு. மெஷின்லேர்ந்து வந்த பேப்பர இழுத்துப் பாத்தாங்க.

“உடனே ஆபரேஷன் பண்ணணும். கையெழுத்துப் போடுங்க.”

இதத்தானே நான் சொன்னேன்? புயலும் இல்ல ஒண்ணும் இல்ல, வந்தவள கிழிக்கப் போறாங்கன்னு நான் சொன்னது அப்படியே நடக்குது. “நேத்து நல்லா இருக்குன்னீங்களே, டாக்டர்? மெஷின் கோளாறா இருக்கப் போவுது. இன்னொரு மெஷின்ல பாருங்க.”

“பேசறதுக்கு நேரம் இல்லம்மா.”

தங்கச்சி என் மணிக்கட்ட புடிச்சா. நகம் பதிஞ்சுது. “அக்கா. நீ சொல்லு. நம்பலாமா?”

சின்ன வயசுலேர்ந்து அவ என்கிட்டதான் இத கேப்பா. பால்காரன நம்பலாமா, டீச்சர நம்பலாமா, லவ்வு பண்றானே இவன நம்பலாமா. நான் ஒரு வாட்டி கூட ஆமான்னு சொன்னதில்ல. அப்பவும் எனக்கு நம்பிக்க இல்ல. ஜன்னல் வழியா வெயில் அவ கால் மேல அடிச்சிகினு இருந்துச்சு. மெஷின் டக்குன்னுச்சு, அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு டக்கு.

“நம்புடி”ன்னேன். கையெழுத்தப் போட்டேன். ஸ்ட்ரெச்சர தள்ளிகினு ஓடிட்டாங்க.

வெளிய நின்னுகினு நான் சாமிய கும்புடல. பயம், அவ்ளோ பயம். அந்தக் கதவ மொறைச்சுப் பாத்துகினே இருந்தேன். அப்புறம் ஒரு நர்ஸ் பச்சத் துணில சுத்தி கொண்டாந்து, “பொம்பளப் புள்ள”ன்னுச்சு. பின்னாடியே டாக்டரம்மா வந்தாங்க, மாஸ்க்க எறக்கிகினே.

என் வாய் சும்மா இருக்குதா? “நெஜமாவே கிழிக்க வேண்டி இருந்துச்சா, டாக்டர்?”

நர்ஸ் என்ன எரிச்சுடற மாதிரி பாத்துச்சு. டாக்டரம்மா கோவிச்சுக்கல. துணிய லேசா வெலக்கி கொழந்த கழுத்த காட்டினாங்க. கழுத்த சுத்தி செவசெவன்னு ஒரு கோடு. “கொடி இறுக்கமா சுத்தியிருந்தது. வீட்ல இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது”ன்னுட்டு, அடுத்த ஆள பாக்கப் போயிட்டாங்க. நான் அந்தக் கோட்ட வெரலால தொட்டேன். சுடச்சுட இருந்துச்சு. புள்ள மொகத்த சுருக்கி வீல்னு கத்திச்சு. நான் அத்தினி ஜனத்துக்கு நடுவுல தரையில ஒக்காந்து ஓன்னு அழுதுட்டேன்.

மத்தியானம் அவள வார்டுக்குக் கொண்டாந்தாங்க. ஒதடெல்லாம் காஞ்சிருந்துச்சு. புள்ளைய கதகதப்பா வெக்கற தனி ரூம்ல வெச்சிருந்தாங்க, பக்கத்துல இல்ல. கண்ண தொறந்ததும் பக்கத்த பாத்தா, அப்புறம் என்ன பாத்தா.

“பொம்பளப் புள்ளடி”ன்னேன்.

“உள்ளயே சொன்னாங்க. அழுதுச்சுன்னாங்க. மயக்கத்துல அது அழுத சத்தம் என் காதுல வுழலக்கா.” அவ கண்ணு என்ன வுட்டு நகரல. “போன வாட்டியும் நல்லா இருக்குன்னுதான் மொதல்ல சொன்னாங்க. நான் யாரையும் நம்பல. நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“நீ லேசுல எதையும் நம்ப மாட்ட. ஒன் வாயால சொல்லு. உயிரோட கீதா?”

நான் அவ காதுகிட்ட குனிஞ்சேன். “தொட்டுப் பாத்தேன்டி. என் வெரலு பட்டதும் கத்திச்சு. உயிரோட கீது.”

அப்பதான் அவ அழுதா.